படம் அழகாக இருக்கிறதாம், பயம்தான் வரவில்லை

கேள்வி: பாதிக்கோடு (காசிமேடு)

வணக்கம். பகலில் வடபழனிப் பக்கம் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் ரோட்டோ வேலை பார்க்கிறேன். எங்கோ யாரோ எடுத்த படத்தில், யாரோ ஒரு நடிகரின் தலைமுடியைச் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு போடுகிற வேலை. இரவு பத்து மணிக்குமேல் என் சொந்தப் படம். அனிமேஷன் குறும்படம், 3 நிமிடம் 40 வினாடி, 22 ஷாட். இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கதை சின்னது. காசிமேட்டில் ஒரு வீடு. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருக்கிறார். மழை வலுக்கிறது. திரும்பி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அம்மா காத்திருக்கிறார். கதவு தட்டப்படும் சத்தத்தோடு படம் முடிந்துவிடும். தட்டியது யார் என்று காட்டப்போவதில்லை. இது எங்கள் வீட்டில் நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. (அப்பா வந்துவிட்டார். இதை எழுதும்போது கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரும் வருத்தப்பட வேண்டாம்.)

இரவு என்பதால் படம் முழுவதும் கருநீலம். நிழல்கள் பச்சை கலந்த நீலம். ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். மழைக்குத் தனி அடுக்கு, மின்னலுக்குத் தனி அடுக்கு. அலமாரியில் பதினான்கு பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்கும். சுவரில் தொங்கும் வலையை மட்டும் நான்கு நாள் வரைந்தேன். அம்மாவுக்குப் பெரிய கண்கள், கண் நிறையத் தண்ணீர்.

எட்டு நண்பர்களுக்குக் காட்டினேன். எட்டுப் பேர் வாயிலும் முதலில் வந்த சொல் "அழகு". ஒருவர் மூன்றாவது ஷாட்டைக் கைப்பேசியில் வால்பேப்பராக வைத்துக்கொள்ளக் கேட்டார். பயந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அம்மாவிடமே காட்டினேன். முழுவதும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நன்றாக வரைந்திருக்கிறாய். இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஃபைலைத் திறக்கவே மனம் வரவில்லை. நிறம் தவறா, வடிவமைப்பு தவறா, அல்லது கதையிலேயே ஒன்றும் இல்லையா? நாற்பது வினாடித் துண்டு ஒன்றையும் ஆறு ஃபிரேம்களையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து "அழகு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: ரெண்டர்ராஜா

கலர் கிரேடிங் பிரச்சினை. நீலத்தைக் கொஞ்சம் இறக்கி நிழலில் பச்சையை ஏற்றுங்கள். திகில் படங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான்கு ஓரங்களையும் இருட்டாக்கிவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

பதில்: பழந்தூரிகை

தம்பி, அந்த நாற்பது வினாடியை நான்கு முறை பார்த்தேன். நான்காவது முறை ஒலியை நிறுத்தி, என் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று எனக்குத் தெரியாது. பின்னணி ஓவியத்தைச் சோதிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஜன்னல் தெரிந்தது. பாத்திர அடுக்கு பளபளவென்று தெரிந்தது. வலைகூட ஒருமாதிரி தெரிந்தது. உங்கள் அம்மாவைத்தான் காணோம்.

பச்சை ஏற்றச் சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீலம் அடித்தால் சோகமும் பச்சை அடித்தால் பயமும் வந்துவிடும் என்றால், சொட்டு நீலம் விற்பவர் வீட்டில் ஒருவரும் சிரித்திருக்கவே மாட்டார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கிழவன் யார் என்று கேட்பீர்கள். பதினாறு வயதில் சினிமா பேனர் வரையும் கூடம் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பத்து மடங்கு பெரிதாகப் போட்டு, முகத்தை ஏற்றுவோம். ஆசான் வில்லன் கன்னத்தில் பச்சையை அப்புவார், கதாநாயகி கன்னத்தில் ரோஸ். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கு அரை வினாடியில் விஷயம் புரிய வேண்டும். அதற்கு அது போதும். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கியபோது, வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி வரைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. போஸ்டர் கலர், தட்டைத் தூரிகை.

முதல் வாரமே ஒரு காட்டுக் குடிசை கொடுத்தார்கள். பேனர்க்காரன் கை சும்மா இருக்குமா? இலை இலையாக இரண்டு நாள் வரைந்தேன். மேற்பார்வையாளர் வந்தார், கதாபாத்திரம் வரைந்த, கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டுத் தாளை என் ஓவியத்தின் மேல் வைத்தார், "ஆள் எங்கே?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. இலைகளுக்குள் ஆள் தொலைந்து போயிருந்தான். அவர் ஒன்றும் பேசாமல் ஈரப் பஞ்சை எடுத்து நடுப்பகுதியைத் துடைத்தார். என் இரண்டு நாள் உழைப்பு சேறாகி வழிந்தது. தாளைத் துடைத்து மறுபடி மேலே வைத்தார். ஆள் அங்கே நின்றான். அவனைச் சுற்றி ஒரு பனிக்காலை இருந்தது. நான் பனியை வரையவே இல்லை. அந்த மனிதரை ஒரு வாரம் மனத்துக்குள் திட்டினேன் என்பது வேறு விஷயம்.

இதே கதை மிகப் பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். 1942-இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி'க்கு முதலில் வரைந்து பார்த்த காட்டில் இலையும் கிளையும் நிறைந்து, மான்குட்டி கண்ணுக்கே படவில்லை. டைரஸ் வாங் என்று ஒருவர். சீனாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 1938-இல் டிஸ்னியில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்தது ஓர் அசைவின் இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவே வரும் ஓவியங்களை வரைந்து நிரப்பும் வேலை. உங்கள் ரோட்டோ மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சீனத்து சோங் காலத்து ஓவியங்களை மனத்தில் வைத்துச் சின்னச் சின்ன மாதிரிகள் வரைந்து காட்டினார். மான் நிற்கும் இடம் மட்டும் தெளிவு. சுற்றியுள்ள காடு கரைந்து ஈரமாக நிற்கும். மொத்தப் படத்தின் சாயலும் அதிலிருந்துதான் வந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் போட்டார்கள். 106 வயது வரை இருந்தார், 2016-இல் இறந்தார்.

ஆகவே முதல் வேலை: ஆறு ஃபிரேம்களையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஆறும் ஒரே சாம்பல். மிக வெளிச்சமான புள்ளியும் மிக இருண்ட புள்ளியும் பாத்திர அலமாரியில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கண் அங்கேதான் போகும். புயலில் கணவனைத் தேடும் பெண்ணைக் காட்டப்போய், எவர்சில்வர் கடை விளம்பரம் எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது அந்த நீல இரவு. அது உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? பகலில் படம் பிடித்து, அதை இருட்டாக்கி நீலமாக்கி, இரவு என்று சொல்வது சினிமாவின் பழைய தந்திரம். பார்த்துப் பார்த்து நமக்கும் இரவு என்றால் நீலம் என்று பழகிவிட்டது. உங்களுக்கு ஏழு வயதாக இருந்தபோது காசிமேட்டு இரவு என்ன நிறம்? ஆரஞ்சு, தம்பி. தெருவெல்லாம் சோடியம் விளக்கு. அந்த வெளிச்சத்தில் நிறங்கள் செத்துவிடும். நீலச் சேலை கறுப்பாகத் தெரியும். கூடையில் இருக்கும் சங்கரா மீன் சிவப்பை இழந்து துருப்பிடித்த தகரம் மாதிரி கிடக்கும். மழைத் தண்ணீர் தேங்கினால் தெரு முழுக்க அதே ஆரஞ்சு மிதக்கும். இப்போது வெள்ளை எல்.இ.டி. போட்டுவிட்டார்கள், உங்கள் வயதுக்காரர்களுக்கே அது மறந்துபோகிறது. உங்கள் அம்மாவுக்கு மறக்கவில்லை. "எந்த ஊர்" என்று அவர் கேட்டது சரியான விமர்சனம். எங்கள் மேற்பார்வையாளர் தோற்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். ஒரு ஷாட்டைத் தனியாக வைத்துக்கொண்டு அதில் பயத்தைத் தேடாதீர்கள். நேற்றுவரை இருந்த ஒரு பொருள் இன்று இல்லை என்றால்தானே வீட்டில் திக்கென்று இருக்கிறது? படத்திலும் அப்படித்தான். 22 ஷாட்டையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி வரிசையாக ஒரே தாளில் ஒட்டுங்கள். கலர் ஸ்கிரிப்ட் என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு. நாங்கள் 'பட்டி' என்போம். முதல் தபால்தலையிலேயே இருட்டு, மழை, கண்ணீர் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது உங்களிடம். இனி எதை எடுப்பீர்கள்? முதலில் வீட்டை வீடாகக் காட்டுங்கள். அடுப்பு எரியட்டும், பையன் படிக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.

பிடுங்குவதில் மன்னன் என்றால் ரஷ்யாவின் யூரி நோர்ஷ்டெய்ன்தான். 1975-இல் அவர் எடுத்த 'மூடுபனியில் முள்ளெலி' பத்து நிமிடப் படம். அந்தப் பனியை எப்படிச் செய்தார் தெரியுமா? காகிதத்தில் வெட்டிய உருவங்களை அடுக்கடுக்கான கண்ணாடிகளில் வைத்து, அவற்றுக்கு மேலே மிக மெல்லிய ஒரு தாளை வைத்தார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்தத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கி உயர்த்தினார். தாள் மேலே வர வரக் கீழே இருப்பது மங்கி, கடைசியில் வெள்ளை மட்டும் மிஞ்சும். அந்த வெள்ளையைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன், ஐம்பது வயதில். ஒரு சொட்டு நீலம் கிடையாது.

பாதிக்கோடு:

சார், கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். எவர்சில்வர் கடை என்று நீங்கள் எழுதியதை அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் படித்துவிட்டார். இனி எனக்கு அதுதான் பெயர். அந்த ஆரஞ்சு வெளிச்சம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதவின் கீழ் இடுக்கு வழியாக அது உள்ளே ஒரு கோடாக விழும். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

பதில்: புன்னைநிழல்

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். அனிமேஷன் தெரியாது, பார்ப்பேன். ஆனால் நிலத்தைக் காட்டி மனத்தைச் சொல்வது பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியம் இதைத் துறை பிரித்தே வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், பறவை, உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். உள்ளே நடக்கும் உணர்வு உரிப்பொருள். சுடுகிற நண்பகலையும் வேனிலையும் காட்டினால் அது பிரிவின் பாலை. கார்கால மாலை என்றால் தலைவன் வருவான் என்று ஆற்றியிருக்கும் முல்லை. கடற்கரையும் எற்பாடும், அதாவது வெயில் சாயும் பொழுதும், வந்துவிட்டால் ஏங்கி வருந்தும் நெய்தல். தலைவி வாயைத் திறந்து "பயமாக இருக்கிறது" என்று சொல்லவே வேண்டாம்.

தம்பி கதையைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அது ஒரு திணையில் நிற்கும் கதை கிடையாது. "வந்துவிடுவார்" என்று இருப்பது வேறு, "வரவில்லையே" என்று இரங்குவது வேறு. உங்கள் அம்மா அந்த இரவில் எந்த நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனார்? படத்தின் நடுப்புள்ளி அதுதான். பழந்தூரிகை ஐயா சொல்லும் 'பட்டி' அங்கேதான் முறிய வேண்டும். அதற்கு முன்னால் முல்லை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

கருப்பொருள் விஷயத்தில்தான் எனக்குக் குறை. பதினான்கு பாத்திரங்கள் எந்த வீட்டிலும் இருக்கும், கோயம்புத்தூரிலும் இருக்கும். கடலுக்குப் போன அந்த ஒரு மனிதருக்கு மட்டும் உரியது அந்த அறையில் எது? அவருடைய தட்டா, கைலியா, பீடிக்கட்டா? அது ஒன்று போதும். மற்ற பதின்மூன்றையும் எடுத்துவிடலாம்.

கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ' என்ற குறும்படம் நினைவுக்கு வருகிறது. 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. நகரத்து அடுக்குமாடியில் தனியாக இருக்கும் ஒரு முதியவள், ஒரு பூனை. அவள் வாழும் வீடும் நகரமும் சாம்பல் நிறம். அவள் சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்களுக்குள் நுழைந்தால் மட்டும் வண்ணம் பொங்கும். அவளுடைய தனிமையைச் சொல்லத் தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை. தீப்பெட்டி என்ற ஒரே கருப்பொருள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

ஐயாவிடம் ஒரு சின்ன மறுப்பு. பச்சைக் கன்னத்தைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசிவிட்டீர்கள். எற்பாட்டுக்கு இரக்கம் என்பதும் ஒரு மரபுதானே? நீலத்துக்குச் சோகம் என்று ஒரு மரபு உருவானால் அதில் என்ன குற்றம்?

பழந்தூரிகை:

அம்மா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பச்சைக் கன்னத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. அதில்தான் நாற்பது வயதுவரை சாப்பிட்டேன். மரபு வேண்டும். ஆனால் நெய்தலைப் பாடியவர்கள் கடற்கரையில் போய் நின்று, வெயில் சாய்கிறபோது வயிற்றில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பாடியவர்கள். பிறகு அது மரபாயிற்று. இந்தத் தம்பி பார்த்தது ஆரஞ்சு, வரைந்தது நீலம். இரவல் மரபு. என் சண்டை அதோடுதான். கருப்பொருள் பற்றிச் சொன்னீர்களே, அது மேற்பார்வையாளரின் ஈரப் பஞ்சைவிட நல்ல ஆயுதம். பதின்மூன்று பாத்திரத்தையும் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டீர்கள்.

பதில்: பன்னிரண்டு ஃபிரேம் (சாலிகிராமம்)

எல்லோரும் பின்னணியையே பேசுகிறீர்கள், கோட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

துண்டில் அம்மாவின் வெளிக்கோடு சுத்தக் கறுப்பு, ஒரே தடிமன், கணினி போட்டது மாதிரி வழவழ. பின்னணியை எவ்வளவு மாற்றினாலும் அந்தக் கோடு "இது கார்ட்டூன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 1988-இல் வந்த ஜப்பானின் 'மின்மினிகளின் கல்லறை' படத்தில் பெரும்பாலான வெளிக்கோடுகளைக் கறுப்புக்குப் பதில் பழுப்பில் போட்டார்கள். பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் போர்க்காலத்துப் பிள்ளைகள் அந்த மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் பிரியாமல் நிற்பார்கள். அதே இயக்குநர் தகாஹாட்டா 2013-இல் எடுத்த இளவரசி ககுயாவின் கதையில் இன்னும் தாண்டிப் போனார். நீர்வண்ணம் மாதிரி அமைதியாகப் போகும் படம், அவள் மாளிகையை விட்டு ஓடும் இடத்தில் கரிக்கோடுகளாகச் சிதறும். முகம்கூடச் சரியாக இருக்காது. கை நடுங்குகிறவன் கிறுக்கியது போல இருக்கும். அந்தக் கோபத்தை வேறு எப்படி வரைவது?

உங்கள் படத்துக்கு இதைச் செய்து பாருங்கள். அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஷாட்டில் ஒரே ஓவியத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அது புகைப்படம் மாதிரி செத்துக் கிடக்கிறது. அதே ஓவியத்தை மூன்று முறை கையால் புதிதாகப் படியெடுத்து, மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கோடு தானாக லேசாகத் துடிக்கும். ஆனால் படம் முழுக்கச் செய்யாதீர்கள். புன்னைநிழல் அக்கா சொன்ன அந்த நிமிடம் வரை கோடு அமைதியாக இருக்கட்டும், அதன்பிறகு துடிக்கட்டும்.

கண்ணீரை எடுத்துவிடுங்கள். கண்ணையும் சிறிதாக்குங்கள். அவர் அழுதுவிட்டால் பார்க்கிறவர் அழ வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது.

மழை நேராகக் கொட்டுகிறது, ஷவர் மாதிரி. சென்னையில் புயல் மழை எப்போது நேராகப் பெய்தது? சாய்த்துப் போடுங்கள். கதவும் ஜன்னலும் அலமாரியும் நேர்கோடு, கட்டம் கட்டமாக. அவற்றுக்கு எதிராகச் சாய்வு ஒன்று உள்ளே நுழைந்தாலே மனம் நிலைகொள்ளாது. அதையும் ஆரம்பத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

பதில்: வடக்கு வாயில்

எனக்குப் படம் வரையத் தெரியாது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்த இழையைக் காட்டினான்.

நீங்கள் எல்லோரும் பயத்துக்கு நிறம் தேடுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் அதற்குத் தயாராக ஒரு நிறம் உண்டு. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், பேப்பரில் படித்திருப்பீர்கள். பகலில்தான் கூண்டு தெரியும். இரவில் அதற்குப் பதிலாகக் கம்பத்தில் விளக்குகள், சிவப்பும் வெள்ளையும். எந்த எண் எச்சரிக்கையோ அதற்கேற்ப விளக்குகளின் வரிசை மாறும். கடலோரத்தில் புழங்கியவர்கள் அந்த விளக்கு மாறியிருக்கிறதா என்று வாசலில் வந்து வந்து பார்ப்பார்கள். ஊர்க்காரருக்கு அது ஏதோ விளக்கு. மீன்பிடிக்கிற வீட்டுக்கு அப்படி இல்லை.

தம்பியின் படத்தில் வானம் முழுக்க மின்னல் அடிக்கிறது. மின்னலுக்கு எங்கள் ஆட்கள் அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள். காற்று வாடையிலிருந்து திரும்பினால் பயப்படுவார்கள். அதை எப்படி வரைவது என்று உங்களுக்குத்தான் தெரியும். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று காட்டலாம் என்று பேரன் சொல்கிறான்.

பாதிக்கோடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அலுவலகத்தில் ஒரு படத்தின் வெளியீட்டுத் தேதி நெருங்கியதால் இரவு வேலை.

பட்டி ஒட்டிவிட்டேன். 22 தபால்தலை, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில். பழைய 22-ஐயும் அதற்குக் கீழே ஒட்டினேன், எனக்கே புத்தி வரட்டும் என்று. முதல் எட்டு ஷாட்டில் இப்போது மழையே இல்லை. அடுப்பு, நான் தரையில் படுத்துக்கொண்டு எழுதுவது, கொடியில் துணி, கதவிடுக்கில் அந்த ஆரஞ்சுக் கோடு. பாத்திரங்கள் போயின. நான்கு நாள் வரைந்த வலையும் போயிற்று. அதைத் தனி ஃபைலாகச் சேமித்து வைத்திருக்கிறேன், அவ்வளவு துறவு எனக்கு வரவில்லை. அப்பாவின் தட்டு மட்டும் இருக்கிறது, இன்னொரு தட்டால் மூடி.

ஒன்பதாவது ஷாட்டில் துணி திசை மாறிப் பறக்கிறது. அதற்கு வேறு எந்த அழுத்தமும் கொடுக்கவில்லை. பதினொன்றில் மின்சாரம் போகிறது, தெருவிளக்கும் சேர்ந்து. கதவிடுக்கில் இருந்த ஆரஞ்சுக் கோடு இல்லாமல் போகிறது. இருட்டு நீலமில்லை, வெறும் பழுப்பு. அதற்குப்பிறகுதான் அம்மாவின் வெளிக்கோடு துடிக்க ஆரம்பிக்கிறது. மூன்று படிகள் போட்டுப் பார்த்தேன், அதிகமாகத் துடித்தது, வலிப்பு மாதிரி. ஒவ்வொரு படியையும் நான்கு ஃபிரேம் நிறுத்தியதும் மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. எச்சரிக்கை விளக்கு ஒரே ஒரு ஷாட்டில், ஜன்னலின் மூலையில், அரிசி அளவு. தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் காட்டினேன். வண்ணம் இன்னும் முடியாத, பாதி பென்சிலாக இருக்கும் வடிவம்தான். தெருவிளக்கு அணைந்த ஷாட் வந்ததும் அம்மா எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். பார்த்தால், டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "அன்றைக்கு உன்னை யார் கடலுக்குப் போகச் சொன்னது?" என்று சண்டை. பதினேழு வருடத்துக்கு முந்தைய இரவுக்கு. அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னடா காட்டினாய் இவளுக்கு?" என்று கேட்டார்.

அம்மா மீதிப் படத்தை இன்னும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஏழாவது ஷாட்டில் அந்த மூடிய தட்டு. அடுப்புத் தீ ஒரு பக்கம், கதவிடுக்கு ஆரஞ்சு ஒரு பக்கம். எவர்சில்வர் அந்தச் சோடியம் வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்பது எனக்கு வரவே இல்லை. வெள்ளி மாதிரி போட்டால் மறுபடியும் கடை விளம்பரம் ஆகிறது. பித்தளை மாதிரி போட்டால் பொய்யாக இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

பழந்தூரிகை:

சொல்லி விளங்காது, பார்த்துத்தான் வரைய வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இன்னும் ஒரு சோடியம் விளக்கு எரிகிறது. மாற்ற வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஏழு மணிக்குமேல் வாருங்கள். தட்டைக் கொண்டு வாருங்கள், அப்பாவுடைய அதே தட்டு. தாமதிக்காதீர்கள், அது இப்போதே விட்டுவிட்டுத்தான் எரிகிறது.